மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் விளையாட்டுச் சாமான், டென்ட், ஷூவெல்லாம் கெடாமல் வைப்பது எப்படி?

பள்ளத்தூர்_வளவு:

வணக்கம். பள்ளத்தூரில் பூர்விக வீடு. பொங்கல், மாசிப் படைப்பு (முன்னோர் வழிபாடு), கோடை லீவு, இடையில் கல்யாணம் காட்சி என்று வந்தால்தான் திறப்போம். சென்னை ஃபிளாட்டில் இடம் இல்லாததால் பிள்ளைகளின் சாமானெல்லாம் இங்கேதான். கிரிக்கெட் மட்டைகள் (ஒன்று இங்கிலீஷ் வில்லோ மரம், மற்றவை காஷ்மீர் வில்லோ), கால் பேட், கிளவுஸ், ஹெல்மெட், ஷட்டில் ராக்கெட், கால்பந்து, டென்ட், ஸ்லீப்பிங் பேக், மலையேறும் ஷூ, சைக்கிள் ஹெல்மெட், சிலம்பக் கம்பு.

ஐப்பசியில் பூட்டி மாசியில் திறந்தபோது இருந்த நிலை: கால் பேடிலும் கிளவுஸிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். கிளவுஸ் உள்ளங்கை அட்டை மாதிரி விறைத்திருக்கிறது. டென்டின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த வாந்தி வாடை. ஒரு ஷூவின் அடிப்பாகம் கையோடு வந்துவிட்டது. ராக்கெட் கிரிப் பசை. மட்டைகள் பார்வைக்குப் பரவாயில்லை.

எதைக் காப்பாற்றலாம், எதைத் தூக்கிப் போடலாம்? ஆத்தங்குடிக் கல் தளம் கெடாமல் எங்கே வைத்துக் கழுவுவது? இரண்டாங்கட்டில் (வீட்டின் பின்பகுதியில்) ஒரு அறையில் பழைய தகரப் பெட்டி இருக்கிறது. அதில் வைக்கலாமா, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடலாமா?

செம்மண்_பிட்ச்:

டென்ட், ஷூ சமாச்சாரத்தை அது தெரிந்தவர்கள் சொல்லட்டும். கிரிக்கெட் சாமானை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பூஞ்சணத்துக்குக் காரணம் மழை மட்டும் இல்லை. வியர்வை காய்ந்தால் உப்பு தங்கும், உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதோடு தோலின் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. அதனால்தான் ஒரே அறையில் இருந்தும் மட்டை தப்பியது, கிளவுஸ் கெட்டது. துடைக்காமல் காயவைத்துப் பூட்டினால் அடுத்த மழைக்கும் இதே கதைதான்.

முதலில் பூஞ்சணம். கொல்லையில், திறந்த வெளியில், என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். எடுத்த எடுப்பிலேயே தண்ணீர் ஊற்றினால் தூள் துணிக்குள் இறங்கிவிடும். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். 20 நிமிடம் விட்டு வெறும் தண்ணீர் நனைத்த துணியால் இன்னொரு தடவை. சாயம் போகிறதா என்று முதலில் ஒரு ஓரத்தில் பாருங்கள். பிளீச்சிங் வேண்டாம், தோலையும் தையல் நூலையும் அரித்துவிடும். வினிகர் பட்ட இடத்தில் பிளீச்சிங் ஊற்றினால் குளோரின் வாயு வரும், அது விளையாட்டில்லை.

கால் பேட்: 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பேபி ஷாம்பு. மெல்லிய பிரஷால் வெளிப்பக்கத்தைத் தேய்த்துத் துடைத்தால் போதும். வாளியில் முக்காதீர்கள். உள்ளே இருக்கும் பஞ்சும் ஃபோமும் தண்ணீர் குடித்தால் வெளியே காய்ந்த மாதிரி தெரியும், நடுவில் நாள்கணக்கில் ஈரம் இருக்கும். வெல்க்ரோவில் சிக்கிய நூல், முடி, புல்லைப் பழைய சீப்பால் வாரி எடுங்கள். வைக்கும்போது வெல்க்ரோவை மூடியே வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துத் துணியைப் பிடித்து இழுக்கும்.

கிளவுஸ்: உள்ளங்கை விறைத்தது உப்பால். ஈரத்துணியால் பல தடவை ஒற்றி எடுத்தால் உப்பு வெளியே வரும். வாஷிங் மெஷின், நேரடி வெயில் இரண்டும் கூடாது. விரல்களை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க, ஃபேனடியில் இரண்டு நாள். அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே கையில் போட்டு நாலு தடவை மடக்கி நீட்டினால் மென்மை திரும்பும். லெதர் கண்டிஷனர் கடுகளவு போடலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் தடவிவிடாதீர்கள். சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சணத்துக்கு அதுவே விருந்து. விறைத்த தோலில் மடிப்புக் கோட்டோடு வெடிப்பு விழுந்திருந்தால் அந்தக் கிளவுஸுக்கு ஆயுள் முடிந்தது.

ஹெல்மெட்: ஷாம்புத் தண்ணீர் மட்டும். தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் அதன் மேல் படக்கூடாது, பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கம்பித் திருகுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். பந்து பலமாக அடித்த ஹெல்மெட் என்றால் துடைத்துப் பிரயோஜனம் இல்லை, மாற்றுங்கள்.

மட்டை: பார்வைக்குப் பரவாயில்லை என்று விடாதீர்கள். அடிமுனையைப் பாருங்கள். ஈரத் தரையில் ஊன்றிய மட்டை முனை வழியாகத் தண்ணீர் குடித்து வீங்கும், விரலால் தடவினால் மேடு தெரியும். 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, காய்ச்சாத லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஒரு தேக்கரண்டி. முகப்பு, பக்கவாட்டு, முதுகு, முனை எல்லாம் சேர்த்தே அந்த ஒரு கரண்டிதான். கைப்பிடி செருகிய மூட்டிலும் ஸ்டிக்கரிலும் படக்கூடாது. மூட்டில் இறங்கினால் பசை இளகும். படுக்க வைத்து 24 மணி நேரம் விட்டு, மீதியைத் துடைத்து எடுங்கள். முகப்பில் ஷீட் ஒட்டிய மட்டை என்றால் முதுகுக்கும் முனைக்கும் மட்டும். வருடத்துக்கு ஒரு பூச்சு போதும். அதிகம் எண்ணெய் குடித்த மட்டை கனக்கும், அடி செத்துப்போகும்.

ஒரு எச்சரிக்கை: ஹார்டுவேர் கடையில் 'லின்சீட்' என்று கேட்டால் பெயின்ட் வேலைக்கான 'டபுள் பாயில்டு' எண்ணெயைத் தருவார்கள். அதில் சீக்கிரம் காய்வதற்கான ரசாயனம் உண்டு, மேலே தோல் மாதிரி கட்டிக்கொள்ளும். விளையாட்டுச் சாமான் கடையில் மட்டைக்கு என்றே கேட்டு வாங்குங்கள். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடவே போடாதீர்கள். லின்சீட் எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். தேக்கு உத்திரமும் தேக்குத் தூணுமாக இருக்கும் வீடு உங்களுடையது. துணியைத் தண்ணீரில் நனைத்து, கொல்லையில் விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு குப்பைக்கு.

கூடாரவாசி:

டென்டைப் பற்றி நல்ல சேதி இல்லை சார். உள்பக்கம் தண்ணீர் இறங்காமலிருக்க பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். ஈரமும் சூடும் மாதக்கணக்கில் சேர்ந்தால் அந்தப் பூச்சு உடைந்து பிசினாகிவிடும். அந்தப் பிசுபிசுப்பும் புளிச்ச வாடையும் அதுதான். எந்த சோப்பும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. வெறும் பூஞ்சணப் புள்ளி என்றால் காப்பாற்றலாம், பிசுபிசுப்பு என்றால் பூச்சு போய்விட்டது. தரைப்பகுதி மட்டும் ஒட்டுகிறது, மேல்துணி நன்றாக இருக்கிறது என்றால், கீழே தனியாக ஒரு தார்ப்பாய் விரித்து ஓட்டலாம். மேல்துணியும் ஒட்டினால் மழையில் நம்பிப் படுக்க முடியாது. பிரான்மலைக்குப் பகலில் போகும்போது நிழலுக்குக் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த டென்டுக்கு: பயணம் முடிந்ததும் குச்சிகளை எடுத்துவிட்டுத் துணியைக் கவிழ்த்து உதறுங்கள். குளிர்ந்த தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும். சலவைத்தூள் போட்டால் நீர்விலக்கும் தன்மை போய்விடும், கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கிகள் இன்னும் மோசம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். கொடியில் நிழலில் காயவைத்து, தையல் மடிப்புகளை விரலால் தொட்டுப் பாருங்கள், கடைசியாகக் காய்வது அங்கேதான். அது வந்த பைக்குள் இறுக்கிச் சுருட்டித் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். குச்சிகளுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு தளராமலிருக்க, முனையிலிருந்து மடக்காமல் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மடக்குங்கள்.

முக்கியமானது, டென்டைப் பூட்டிய வீட்டில் விடாதீர்கள். பாலியூரித்தேன் உள்ள எதற்கும் அந்த இடம் சரிப்படாது. ஃபிளாட்டில் கட்டில் அடியில் வைத்தாலும் அது நாலைந்து வருடம் கூடவே வரும்.

ஷூவுக்கும் அதே நோய்தான், ஆனால் ஒரு சோதனை உண்டு. கழன்ற நடு அடியை நகத்தால் அழுத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் அது பாலியூரித்தேன், உள்ளேயே மக்கிவிட்டது. எந்தப் பசையும் பிடிக்காது, மற்றக் காலும் அடுத்த மலையில் கழலும். போடாமல் பத்திரமாக வைத்த ஷூதான் இப்படிச் சீக்கிரம் உதிர்கிறது என்பது பலருக்கு நம்பமுடியாத விஷயம். அழுத்தினால் ரப்பர் மாதிரி மீண்டு வந்தால் பசை மட்டும்தான் விட்டிருக்கிறது, ஒட்டலாம். பழைய பசையை உப்புத்தாளால் சுரண்டி, இரண்டு பக்கமும் செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசையை (ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி) மெல்லிசாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் முழுக்க. ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் நடுவில் பசை காயாமல் திரும்ப வாயைப் பிளக்கும்.

ஷூவில் செம்மண்: முழுசாகக் காயவிட்டு, இரண்டையும் அடித்து உதறி, பிரஷ் போட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர். ஈரச் செம்மண்ணை ஈரத்தோடு தேய்த்தால் வலைத்துணிக்குள் ஏறி ஆயுளுக்கும் காவி நிறம்தான். இன்சோலைக் கழற்றித் தனியாகக் காயவையுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்: அமுக்காமல் பெரிய பருத்திப் பையில். நடுவில் தண்டு வைத்துச் சுழலும் டாப் லோடில் போட்டால் உள்பஞ்சின் தடுப்புத் தையல் கிழியும், முன்பக்கக் கதவு மெஷினில் போடலாம்.

கண்டனூர்_ஆச்சி:

சாமானைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி.

ஆணி மட்டும் அடிக்காதே. நம் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பல அடுக்கு. மேலே இருக்கும் வழுவழுப்பு அடுக்கு ஆணி அடித்த இடத்தில் தட்டுத் தட்டாகப் பெயரும், அதைத் திரும்பப் போட ஆள் கிடைப்பது லேசில்லை. தனியாக நிற்கும் இரும்பு ஸ்டாண்டு வாங்கிச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வை. சுவரோடு சாய்த்து வைத்த மட்டையும் ஸ்டம்பும் கரையானுக்கு ஏணி. ஒரு வீடு மாதக்கணக்கில் யாரும் புழங்காமல் கிடந்தால் கரையான் மண்புற்று முதலில் தெரிவது சுவரும் தளமும் சேரும் மூலையில்தான், வந்ததும் டார்ச் அடித்து அங்கே பார்.

கழுவுவதை வளவுக்குள் (நடு முற்றத்தில்) வைத்துக்கொள்ளாதே. ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் செய்தது, வினிகரும் எலுமிச்சையும் ஆசிட்டும் பட்டால் மேல்நிறம் அரித்து வெளுத்துவிடும். செம்மண் தண்ணீர் தேங்கினால் வெள்ளைப் பூவெல்லாம் காவியாகும். கொல்லைக் கிணற்றடியில் கருங்கல் மேல் வைத்துக் கழுவு. ஷூவையும் கால்பந்தையும் தளத்தில் நேராக வைத்துவிட்டுப் பூட்டாதே, ரப்பர் பட்ட இடத்தில் கறுப்பு நிழல் விழும், அது துடைத்தால் போகாது. பலகை போட்டு அதன் மேல் வை. மழைக்காலத்தில் தளமே ஜில்லென்று வேர்க்கும், அந்த ஈரமும் அடியில் ஏறாது.

எந்த அறை? இரண்டாங்கட்டில் ஜன்னல் இல்லாத உக்கிராண அறை (சாமான் அறை) வேண்டாம். மாடி அறையும் வேண்டாம், சித்திரை வைகாசியில் அந்தச் சூட்டுக்கு மட்டை வெடிக்கும், பசை இளகும். வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் எதிரெதிராகக் காற்று வரும் ஒன்றாகப் பார், வாசற்படி உயரமாக இருந்தால் சாரலும் வராது.

தகரப் பெட்டி எலியையும் வௌவால் எச்சத்தையும் தடுக்கும். ஆனால் பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிருக்கும் தகரத்தின் உள்பக்கம் வேர்க்கும். உள்ளே பழைய பருத்தி வேட்டி இரண்டு மடிப்பு விரித்து, சாமான் தகரத்தைத் தொடாமல் வை. நாலு செங்கல் மேல் பெட்டி நிற்கட்டும். துரு இருந்தால் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து, வாடை முழுசாகப் போன பிறகு பயன்படுத்து.

பாச்சை உருண்டை போடவே கூடாது. சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோலை அந்த ஆவி கரைக்கும். பேட், கிளவுஸ் ஃபோமில் ஏறிய வாடை அடுத்த வருடமும் போகாது. வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்ததைத் துணியில் முடிந்து போடு. பச்சை இலை ஈரத்தைக் கூட்டும்.

காலம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிசு. தீபாவளிக்கு வந்து கழுவிக் காயவைத்துப் பூட்டினால் காயாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம், துணியும் அந்த ஈரத்தோடுதான் நிற்கும். மாசி, பங்குனி, சித்திரையில் பகல் 11 மணிக்கு மேல் 4 மணி வரை காயவைத்து, சூடு ஆறியதும் பெட்டிக்குள் போடு. ஆவணிக்குள் பெட்டி மூடியிருக்க வேண்டும். வீடு பார்த்துக்கொள்கிறவரிடம் வெயில் நாளில் கதவைத் திறந்துவிடச் சொல். மழை நாளில் காற்றோட்டம் என்று திறந்தால் ஈரத்தைத்தான் உள்ளே விடுகிறோம்.

பள்ளத்தூர்_வளவு:

நன்றி ஆச்சி, ரொம்பப் பயன்பட்டது. ஒரு சந்தேகம். மூடி இறுகப் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் தகரப் பெட்டி வேண்டாமே? ராக்கெட், இறகு ஷட்டில் எல்லாம் அதிலேயே போடலாமா?

நெட்_ஓரம்:

போடலாம், இறகு ஷட்டிலைத் தவிர. வாத்து, கூஸ் இறகு உலர்ந்தால் நொறுங்கும். சிலிக்கா ஜெல்லோடு ஒரே டப்பாவில் வைத்தால் அடுத்த லீவில் முதல் ஸ்மாஷிலேயே இறகு உடையும். ட்யூபை மூடி வெளியே, ஸ்டாண்டின் நிழலில் வையுங்கள். ஆடுவதற்கு முந்தின நாள் ட்யூபின் இறகுப் பக்க மூடியைத் திறந்து, இட்லிப் பானை ஆவியில் சில விநாடி காட்டி, திரும்ப மூடி ராத்திரி விட்டால் பதம் வரும். கார்க் நனையக்கூடாது. நைலான் ஷட்டிலுக்கு இதெல்லாம் தேவையில்லை.

சிலிக்கா ஜெல்லைப் பற்றிப் பலரிடம் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. அது தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரைத்தான் பிடிக்கும். 100 கிராம் போட்டால் 25 கிராம் தண்ணீர், சரியாகப் பிழியாத ஒரு கிளவுஸில் இருக்கும் ஈரமே அதைவிட அதிகம். ஈரச் சாமானைக் காயவைக்கும் வேலை அதனுடையது இல்லை. காய்ந்த சாமானைக் காய்ந்தபடியே வைத்திருக்க மட்டும் உதவும். ஈரத்தோடு இறுக மூடிய டப்பாவுக்குத் தகரப் பெட்டியே மேல். தகரப் பெட்டியில் கொஞ்சமாவது காற்று போகும்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள வழி: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரை (காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் கருவி) சாமானோடு சேர்த்து டப்பாவில் போட்டு ஒரு ராத்திரி மூடிவையுங்கள். காலையில் 60-க்குக் கீழே காட்டினால் மூடலாம். 65-ஐத் தாண்டினால் திரும்பக் கொடிக்கு. பூஞ்சணம் பிடிக்கத் தொடங்குவது 70 வாக்கில்.

50 லிட்டர் டப்பாவுக்கு 200 கிராம், துணிப்பைகளில் பிரித்து நாலு மூலைக்கும். ஆரஞ்சு நிறக் குண்டுமணி வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகும். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். திரும்பப் பயன்படுத்த அவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். அலமாரிக்கு என்று விற்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் வேண்டவே வேண்டாம். குடித்த ஈரம் உப்புத் தண்ணீராக அடியில் தேங்கும், நீங்கள் வராத மாதத்தில் அது சாய்ந்தால் தகரப் பெட்டியும் ஹெல்மெட் கம்பியும் காலி.

ராக்கெட்டில் பசையாகிப்போன கிரிப்பும் பாலியூரித்தேன்தான், உரித்து எறியுங்கள். கைப்பிடி மரத்தில் ஒட்டியிருக்கும் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் எடுத்து, பிறகு ஷாம்புத் துணியால் எண்ணெயையும் எடுங்கள். பூட்டும்போது கிரிப் சுற்றாமலே வையுங்கள். திரும்ப வந்ததும் புதுசு சுற்ற ஐந்து நிமிடம். நரம்பு ஒன்று அறுந்திருந்தால் மீதியையும் அன்றே நடுவிலிருந்து வெட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுவை இருந்தால் ஃப்ரேம் கோணும்.

கால்பந்தில் காற்றைப் பாதி இறக்குங்கள், முழுக்க இறக்கினால் மடிப்பில் விரியும். லெதர் பந்தைத் துடைத்துத் துணிப்பையில்.

கண்டனூர்_ஆச்சி:

நெட்_ஓரம் சொன்ன கணக்கு சரிதான், ஆனால் வெறும் பிளாஸ்டிக் டப்பாவை எலி ஒரே ராத்திரியில் கடித்துவிடும். டப்பாவைத் தகரப் பெட்டிக்குள் வை தம்பி, இரண்டும் வேண்டும்.

சிலம்பக் கம்பை யாரும் தொடவில்லை. கம்பு பெட்டிக்குள் வராது, சாய்த்து வைத்தால் வளையும். ஸ்டாண்டில் மூன்று இடத்தில் தாங்கல் கொடுத்துப் படுக்கவை. மூங்கில் என்றால் கணுவுக்குப் பக்கத்தில் ஊசிமுனை ஓட்டையும் கீழே மாவு மாதிரித் தூளும் இருக்கிறதா பார். இருந்தால் உளுக்கிறது, மற்ற மரச்சாமானிடமிருந்து உடனே பிரி. இல்லையென்றால் வேப்பெண்ணெய் துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு தடவை இழுத்து, வழிகிறதைத் துடைத்துவிடு. பிரம்புக் கம்பானால் முனைகளுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம், அது தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

செம்மண்_பிட்ச்:

ஆச்சி சொன்ன ஸ்டாண்டிலேயே மட்டையையும் படுக்கவைக்கலாம், துணி உறையில். பிளாஸ்டிக் உறை வேண்டாம். மட்டைக்குச் சிலிக்கா ஜெல் டப்பாவும் வேண்டாம். வில்லோவில் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் வேண்டும், ஒரேயடியாக உலர்ந்தால் முகப்பில் வெடிப்பு ஓடும்.